காய்ச்சல் முதலில், சாறு பிறகு

"முதல்ல வைரஸை ஊத்தணும் சார். சாறு அதுக்கப்புறம்."

கூட்ட அறையில் பிஸ்கட் மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன. ஆராய்ச்சி மாணவியாக இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கே அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்: லீவு கேள், புது மைக்ரோஸ்கோப் கேள், அழுதுகொண்டே வேறு தலைப்புகூடக் கேள், வரிசையை மாற்றச் சொல்லி மட்டும் வாயைத் திறந்துவிடாதே. சொன்னவள் சீனியர் அக்கா. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அந்த அக்கா, அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

வரிசை என்பது இதுதான். ஒரு செடியின் இலைச்சாற்றையும் ஃப்ளூ வைரஸையும் ஒரே குழாயில் கலந்து நன்றாக ஊற வைப்பார்கள். பிறகு அந்தக் கலவையைத் தட்டுக் குழிகளில் விரிப்புப் போல வளர்ந்து கிடக்கும் செல்களின்மேல் ஊற்றுவார்கள். சில நாள் கழித்து ஊதாச் சாயம் போட்டால், வைரஸ் தின்ற இடமெல்லாம் வெள்ளை ஓட்டைகளாகத் தெரியும். சாறு கலந்த குழிகளில் ஓட்டையே இருக்காது, முழு ஊதா. அந்த ஊதாவைத்தான் ஆளுயரப் படமாக்கி வாசல் சுவரில் மாட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு பேராசிரியர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கஷாயம் என்பார்கள். முகத்துக்கு முன்னால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

"ஏன் அப்புறம்?" என்றார் கஷாயம். குரலில் தேன் வடிந்தது. அவர் குரலில் தேன் வடிந்தால் யாருக்கோ நாக்கு அறுபடப் போகிறது என்று அர்த்தம்.

"மனுஷனுக்கு முதல்ல காய்ச்சல் வருது சார். அப்புறம்தான் மருந்து குடிக்கிறான். வைரஸையும் மருந்தையும் ஒரு டம்ளர்ல கலக்கி ஊற வச்சு யாரும் குடிக்கிறதில்ல."

"எலிக்குக் கொடுத்தோமே, பிழைச்சுதே?"

"எலிக்கும் நோயை ஏத்தறதுக்கு முன்னாடியே சாறு கொடுத்துட்டோம் சார்."

"வெள்ளம் வருமுன் அணை போடுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்கம்மா."

"நம்ம சிரப் பாட்டில்ல அப்படி எழுதலையே சார். காய்ச்சல் கண்டவுடன் குடிக்கவும்னுதானே எழுதியிருக்கு? வெள்ளம் வீட்டுக்குள்ள வந்து கட்டிலைத் தூக்கின பிறகு அணை எதுக்கு?"

மேசையின் கோடியில் யாரோ சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். கஷாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க வீட்ல முதல் பட்டதாரி நீதானே? அதான். புதுசா செருப்பு வாங்கினவன் மாதிரி, படுக்கும்போதும் கழட்ட மாட்டேங்கற. உங்கம்மா அந்த முதியோர் இல்லத்துல துணி துவைக்கிறாங்க. கௌரவமான வேலை. அவங்க யாரையாவது கேள்வி கேக்கறாங்களா? கொடுத்ததைத் துவைக்கிறாங்க. நீயும் கொடுத்ததைச் செய்."

"துணி அழுக்கான பிறகுதான் சார் எங்கம்மா துவைக்கிறாங்க. அழுக்காகறதுக்கு முன்னாடியே சோப்புல போட்டு எடுத்துட்டு, பாரு எவ்வளவு வெள்ளைன்னு யார்கிட்டயும் காட்டினதில்ல."

கஷாயம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வர்ற திங்கட்கிழமை அந்த இல்லத்துல சிரப் ஆரம்பிக்குது," என்றார் அவர், எல்லோரையும் பார்த்து. "கீழ்த்தள வார்டுல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வழக்கமான மாத்திரை கிடையாது, நம்ம சிரப் மட்டும்தான். உலகம் நம்மளைப் பார்க்கப் போகுது. மிளகாய்க்கு அது எரியுது போல." எழுந்து போகும்போது அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். நாயைத் தட்டுவார்களே, அப்படி.

அவளுக்கு அங்கே மிளகாய் என்று பேர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. சர்க்கரை என்று பேர் வாங்குகிறவர்களை எறும்பு தின்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள்தான். ஆனால் கையில் இல்லாததைப் பேசுகிறவள் இல்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரமே அவள் யாருக்கும் தெரியாமல் வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு வரிசைக் குழிகளில் வழக்கம்போலச் சாறும் வைரஸும் கலந்து. இன்னொன்றில் முதலில் வைரஸ், அது செல்லுக்குள் புகுந்த பிறகு சாறு. மூன்றாவதில் ஒரு குசும்பு: சாற்றுக்குப் பதிலாகக் கேன்டீனில் வாங்கிய, பால் சேர்க்காத கட்டன் தேநீரை வடிகட்டி வைரஸோடு ஊற வைத்தாள். சாயம் போட்டதும் தட்டு பல்லை இளித்தது. வைரஸ் முதலில் போன குழிகளில் ஓட்டைக்குப் பஞ்சமில்லை, சல்லடை தோற்றது. தேநீர்க் குழிகளோ முழு ஊதா. கேன்டீன் தேநீரும் பேராசிரியரின் மூலிகையும் ஒரே வெற்றி. இலையில் இருக்கிற துவர்ப்பு வெளியே கிடக்கிற வைரஸைப் பிடித்து ஒட்டிக் கட்டியாக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே புகுந்த வைரஸை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கஷாயத்தின் அறைக்குப் போனாள். அவர் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எந்த வரிசை எது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காததிலிருந்தே அவளுக்குப் புரிந்தது, இந்தத் தட்டை இவர் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறார்.

"அழகா போட்டிருக்க," என்றார். கைகழுவும் தொட்டிக்குப் போய் பிளீச் பாட்டிலைத் திறந்து, குழி குழியாக நிதானமாக ஊற்றினார். ஊதா வெளிறி, மஞ்சளாகி, ஒன்றுமில்லாமல் போனது. "கை நல்ல கை. மூளைதான் அவசரம். திங்கட்கிழமை புதுச் சுடிதார் போட்டுட்டு வா. போட்டோ எடுப்பாங்க."

வெளியே சீனியர் அக்கா காத்திருந்தாள்.

"அவருக்குத் தெரியும்க்கா."

"தெரியாம இருக்குமா? எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா?"

"எனக்கு முன்னாடி இருந்தவளும் இதைத்தான் கேட்டா. இப்போ அவ எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமா? எனக்கே தெரியாது. நான் டாக்டர் பட்டம் வாங்கிட்டேன். என் வாயில கொழுக்கட்டைன்னு வச்சுக்கோ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட்டு ஒண்ணுதான் போட்டியா?" என்றாள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதையும் ஒருமுறை செய்தால் செய்யாததற்குச் சமம், எப்போதும் இரட்டையாகப் போடு என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே கஷாயம்தான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கண்ணாடி முன்னால் நின்று ஒரு புடவையைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிலும் வெந்நீரிலும் ஊறி ஊறி அம்மாவின் விரல்நுனிகள் வெடித்திருக்கும். பட்டுத்துணி பட்டால் நூல் இழுக்கும் என்று புறங்கையால் தடவிப் பார்த்தாள்.

"திங்கட்கிழமைக்கு இது நல்லா இருக்குமாடி?"

"நீ எதுக்கும்மா திங்கட்கிழமை?"

"உங்க சார் சொல்லலையா? என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு. சேர்ல உக்கார வச்சு, அம்மா அம்மான்னு. 'உங்க பேச்சைத்தான் அந்தப் பெரியவங்க கேப்பாங்க, நீங்க சொல்லுங்க'ன்னாரு. நான்தான் கட்டில் கட்டிலா போய் எல்லார்கிட்டயும் பேசி சம்மதம் வாங்கினேன். ஒருத்தர் விடாம."

ஊரில் எத்தனையோ இல்லம் இருக்க, இவர் ஏன் இந்த இல்லத்தைப் பிடித்தார் என்று அவள் யோசித்ததில்லை. தன்மேல் இரக்கம் என்றுகூட ஒருமுறை நினைத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய முட்டாள்.

"என்னன்னு சொன்ன அவங்ககிட்ட?"

"என் பொண்ணு காச்சின மருந்துன்னேன். வேற என்ன சொல்லுவேன்?" அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "இத்தனை வருஷமா என்னை அங்க யாருடி பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கா? 'ஏய்'. இல்லாட்டி 'ஏய் சோப்பு'. கீழ் வார்டுல அந்த ரிட்டயர்டு டிரைவர் பெரியவர் இருக்காரே, ஈரத்துணியை என் கால்ல விட்டெறிவாரு. இப்போ 'தங்கச்சி'ங்கறாரு. மேட்ரன் எழுந்து நிக்கறாங்க."

"அம்மா, அந்த மருந்து வேலை செய்யாது."

அம்மா புடவையை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்து, துவைக்கிறவளுக்கே வரும் நேர்த்தியோடு.

"உனக்குத் திமிர்."

"நான் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டேன்."

"நான் கொடுத்தே பாத்துட்டேன்," என்றாள் அம்மா.

"யாருக்கு?"

"டிரைவருக்குத்தான். ஞாயித்துக்கிழமையே உடம்பு கொதிச்சுது. உங்க சார் பெட்டியோட பாட்டிலை என் துணி ரூம்லதான வச்சிருக்காரு, பொறுப்பா பாத்துக்கங்கன்னு. எடுத்து ஒரு மூடி கொடுத்தேன். 'தெம்பா இருக்கு தங்கச்சி'ன்னாரு. தெனமும் கொடுக்கறேன்."

"நர்ஸுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மாத்திரை போட்டுருவாங்களே? அப்புறம் மாத்திரையாலதான் சரியாச்சும்பாங்க. வாயைத் திறக்காதீங்கண்ணேன்னு சொல்லி வச்சிருக்கேன். உன் மருந்துக்கே பேர் வரட்டும்னு."

அவள் பிடித்திருந்த நாற்காலி தரையில் கீச்சிட்டது. ஃப்ளூ மாத்திரை காய்ச்சல் தொடங்கிய கையோடு கொடுத்தால்தான் பிடிக்கும். தள்ளிப்போனால் அதுவும் வெறும் சுண்ணாம்பு. ஞாயிறு போய் இன்றைக்குப் புதன்.

"இப்பவே வா, போலாம்."

"ராத்திரி வார்டு பூட்டிருவாங்க. காலையில போனா எழுந்து உக்காந்திருப்பாரு, பாரேன்."

அவள் இல்லத்துக்கு போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். கடைசியில் எடுத்த காவலாளி, "காலையில பேசும்மா, எல்லாரும் தூங்கறாங்க" என்று வைத்துவிட்டார்.

காலையில் டிரைவர் எழுந்து உட்கார்ந்திருக்கவில்லை. கட்டிலில் விரிப்பே இல்லை. ரெக்ஸின் மெத்தையை ஒரு பெண் டெட்டால் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர், "விடியக்காலம் மூச்சு வாங்குச்சு, அப்புறம் வாங்கல" என்றார். சொல்லிவிட்டு, தன் தட்டில் இருந்த ரொட்டியைப் பாலில் முக்கினார்.

நர்ஸம்மா சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பிடிவாதக்காரர். காய்ச்சலையே மறைச்சுட்டாரு. தெர்மாமீட்டர் வச்சா எடுத்துக் கீழ போட்டுட்டு 'நான் நல்லா இருக்கேன் போ'ம்பாரு. முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திரை போட்டிருப்பேன். எதுக்குத்தான் மறைச்சாரோ."

அம்மா அங்கேதான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. தலைமாட்டில் சுருட்டி வைத்திருந்த அழுக்கு விரிப்பை அள்ளிக்கொண்டு துணி அறைக்குப் போனாள்.

அவளும் பின்னாலேயே போனாள். பெரிய இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. மூலையில் அட்டைப்பெட்டிகள், மேலே பச்சை இலைப் படம். ஒரு பெட்டி மட்டும் திறந்திருந்தது. அம்மா விரிப்பைக் குழாயடியில் போட்டுக் கையாலேயே தேய்த்தாள்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

அம்மா நிமிரவில்லை. "நேத்து சாயங்காலம், 'தங்கச்சி, இன்னொரு மூடி குடு'ன்னாரு. கொடுத்தேன்."

தேய்ப்பதை அம்மா நிறுத்தவே இல்லை. கறை எப்போதோ போயிருந்தது.

அவள் அம்மாவைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அவள் மனம் ஓடியது வேறு பக்கம்: இன்னும் வார்டு நிறையப் பேர் இருக்கிறார்கள், டிரைவர் விட்ட மூச்சை இழுத்தவர்கள். இன்றோ நாளையோ ஒருவர் பின் ஒருவராகக் கொதிக்கப் போகிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவர்களுக்கு மாத்திரை கிடையாது, மூடி மட்டும்தான். அவர்கள் எல்லோரும் தலையாட்டியது அம்மா முகத்துக்காக.

வெளியே வந்து இல்லத்து டாக்டருக்கு போன் செய்தாள். வாரத்தில் சில நாள் மட்டும் வருகிறவர், அன்றைக்கு வருவார். உங்களிடம் ஒன்று காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்த தன் பெட்டியைத் திறந்து இரண்டாவது தட்டை எடுத்தாள். சாயம் காய்ந்து கல்லாகியிருந்தது. செத்த செல், செத்த வைரஸ், யாரையும் எதுவும் செய்யாது. துண்டில் சுற்றிப் பைக்குள் வைக்கும்போது சீனியர் அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டாள். அந்த முதுகுதான் அக்காவால் கொடுக்க முடிந்த உதவி.

"உன்னை சார் கூப்பிடறாரு," என்று ஒருத்தன் வந்து சொன்னான். "உங்கம்மாவும் உள்ள இருக்காங்க."

கஷாயத்தின் அறையில், அவருக்கு எதிர் நாற்காலியின் நுனியில், அம்மா. ஈரம் காயாத கையில் பீங்கான் கோப்பை. இல்லத்திலிருந்து சாவுச் செய்தி வந்ததும் கார் அனுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்.

"உக்காரும்மா," என்றார் அவர். தேன். "அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. வயசானவர். போற காலம், போயிட்டாரு."

"நம்ம சாறைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு சார்."

"நம்ம ஆய்வு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே? திங்கட்கிழமைதானே? அந்தப் பெரியவர் கணக்குலயே இல்லாத ஆளு." கோப்பையை அம்மா பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "ஆனா ஒண்ணு. யாராவது கிளறினா முதல் கேள்வி என்ன வரும்? பாட்டிலை எடுத்தது யாரு? நான் எடுக்கல. நீ எடுக்கல. நர்ஸ்கிட்ட சொல்லாதேன்னு சொன்னது யாரு? அதுவும் நான் இல்ல. போலீஸுக்குச் செடி, வைரஸ் எல்லாம் புரியாதும்மா. கை யாரோடதுன்னு மட்டும்தான் புரியும்."

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அதனால திங்கட்கிழமை நீங்க ரெண்டு பேரும் எல்லாருக்கும் முன்னாடி நின்னு, முதல் மூடியைக் குடிங்க. பெரியவங்களுக்குத் தைரியம் வரும். வருஷக் கடைசியில நீ டாக்டர். அம்மா டாக்டரோட அம்மா."

"குடிச்சுடறோம் சார்," என்றாள் அம்மா. "எத்தனை மூடி வேணும்னாலும்."

"அம்மா, வார்டுல இன்னும் அத்தனை பேரு இருக்காங்க."

"இருக்கட்டும்." அம்மா முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "என் வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு உன்னைப் படிக்க வச்சேன். அவங்க எல்லாரும் சேந்து என்னை ஏய்னாங்கடி. ஒருத்தன் செத்துட்டான், அதுக்கு நான் தெனம் அழுதுக்கறேன். மீதி இருக்கறவங்க ஏய்னு கூப்பிடற வாயோடயே போகட்டும். நீ டாக்டர் ஆயிடு."

கஷாயத்துக்கே அது கொஞ்சம் அதிகமாக இருந்திருக்க வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

உண்மையில் அவள் எல்லாவற்றையும் பேருந்தில் வரும்போதே தீர்மானித்துவிட்டாள். மிச்சம் இருந்தது வரிசை மட்டும்தான். முதலில் கஷாயத்தின் பேரைச் சொன்னால், அவர் அம்மாவைத் தூக்கிக் காட்டுவார். மகள் தாயை மறைத்தாள் என்று ஆகும், தட்டும் பொய்யாகும். அம்மாவை முதலில் சொல்லிவிட்டால் அவர் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பாட்டிலை எடுத்துக் கொடுத்தது என் அம்மா, காய்ச்சலை மறைக்கச் சொன்னதும் என் அம்மா. அப்புறம் பெட்டியை அங்கே வைத்தவர். அப்புறம் தட்டு. இந்த வரிசையில் ஊற்றினால்தான் ஓட்டை தெரியும்.

"எங்கடி போற?"

"இல்லத்து டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

"என் பேரைச் சொல்லுவியா?"

"முதல்ல அதைத்தான் சொல்லுவேன்."

கோப்பை உருண்ட சத்தம் கேட்டது. "நாசமாப் போவடி! நீ என் வயித்துல பொறக்கவே இல்ல!" அம்மாவின் குரல் உடைந்து, ஒரு நொடி விட்டு, "செருப்பையாவது ஒழுங்கா மாட்டிட்டுப் போ, வார் அறுந்து தொங்குது" என்றது.

செல்கள் அதிரும் என்பதால் அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. கையால் பிடித்து மெதுவாக விட வேண்டும். அவள் பிடிக்கவில்லை.